படகைப் பிரிக்கும் பழவேற்காடு... காரைப் பிரிக்கும் புதுப்பேட்டை!

பழவேற்காடு படகுத்துறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், பஸ் ஸ்டாண்டு வாசலில் லோடு ஆட்டோக்கள் வரிசையாகக் கிளம்புவது மாதிரியே கேட்கும். கண்ணைத் திறந்தால் ஃபைபர் படகுகள்! இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. தமிழகக் கடற்கரையின் ஃபைபர் படகுகளில் பரவலாகப் பொருத்தப்படுவது கிரீவ்ஸ் லம்பார்டினி டீசல் இன்ஜின். தெருவில் கடகடவென்று ஓடிய ஏப் ஆட்டோக்களுக்கும் இன்ஜின் கொடுத்தது அதே கிரீவ்ஸ்தான். ஒன்று தார் ரோட்டுக்குப் போனது, இன்னொன்று தண்ணீருக்கு வந்தது. அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர், பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பங்கில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் புதரும்தான் மிச்சம். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் எழுத்து அழியாமல் நிற்கிறது. ஃபிளமிங்கோ பார்க்க வருகிறவர்கள் பொதுவாக இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

கொஞ்ச நேரம் கூடுதலாகக் கரையில் நின்றால் வேறொரு விஷயம் கண்ணில் படும். இங்கே எந்தப் பொருளும் ஒரே படகோடு பிறந்து ஒரே படகோடு சாவதில்லை.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. மரங்களைக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும், மிதக்காது. அதனால் தினமும் பிரிப்பு, தினமும் கட்டு. ஒரு மரம் உளுத்துப்போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். உலகத்திலேயே ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ வசதி இவ்வளவு சுலபமாக அமைந்த வாகனம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகளே அதிகம். இலகுவானது, வேகமானது, இன்ஜின் வைக்கத் தோதானது. ஆனால், படகு வயசாகி விரிசல் விட ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. இன்ஜினைக் கழற்றி அடுத்த படகுக்கு மாற்றலாம். தண்டை மாற்றலாம், புரொப்பல்லரை மாற்றலாம். நங்கூரம், கயிறு, வலை, ஐஸ் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கரையிலேயே ஆள் இருக்கும். எல்லாம் போன பிறகு மிஞ்சுவது வெறும் கூடு. மரப்படகாக இருந்தால் அடுப்புக்காவது ஆகும். இரும்பாக இருந்தால் எடைக்குப் போகும். ஃபைபரை உருக்கவும் முடியாது, எரிக்கவும் கூடாது. அதனால் அது கவிழ்ந்த நிலையில் மணலிலேயே கிடக்கிறது.

இதே ‘கழற்றி விற்கிற’ கணக்கை வேறொரு கூட்டம் காரில் போடுகிறது. பழைய கார் பிரியர்கள்! அவர்களுடைய பழவேற்காடு, எழும்பூருக்குப் பக்கத்தில் கூவம் கரையில் இருக்கிறது. பெயர் புதுப்பேட்டை.

பேட்டையில் ஒரு கார்

தனுஷ் படம் வந்த பிறகு புதுப்பேட்டை என்றால் பலருக்கும் கத்தியும் ரத்தமும்தான் ஞாபகம் வரும். நேரில் போனால் ஞாபகம் வேறு மாதிரி ஆகும். சுவரில் சாய்ந்த கதவுகள், கொத்தாகத் தொங்கும் சைலன்சர்கள், மலையாகக் குவிந்த பம்பர்கள், பிளாட்பாரத்தில் எண்ணெய் வடியும் கியர் பாக்ஸ்கள். புது உதிரிபாகம் வேண்டுமென்றால் அண்ணா சாலைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கம்பெனியே கைவிட்ட வண்டிக்குப் பாகம் வேண்டுமென்றால் இங்கேதான்.

ஒரு கார் இங்கே வந்து நின்றால் முதலில் போவது பேட்டரி. அப்புறம் சீட், டேஷ்போர்டு, கண்ணாடி, கதவு, சக்கரம். வயரிங்கைத் தனியாக உருவிவிடுவார்கள், அதற்குள் தாமிரம் இருக்கிறது. இன்ஜினும் கியர் பாக்ஸும் செயின் பிளாக்கில் தொங்கி இறங்கும். கடைசியில் நிற்கிற வெறும் உடம்பை கேஸ் கட்டிங் வைத்துத் துண்டு போட்டு எடைக்கு அனுப்புவார்கள். முழு காராக விற்றால் கிடைக்கும் பணத்தைவிட, பிரித்து விற்றால் கிடைக்கும் பணம் அதிகம் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. படகுக்கும் அதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. பிரிக்கக் கொடுக்கும் வண்டியின் ஆர்.சி-யை ஒப்படைத்து ரத்து செய்வது உரிமையாளரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 இதற்கு 14 நாள் அவகாசம் தருகிறது. வாங்குகிறவருக்கும் ஒரு வேலை உண்டு. பழைய இன்ஜின் ஒன்றை வாங்கித் தன் வண்டியில் பொருத்தினால், அந்த இன்ஜின் நம்பர் ஆர்.சி-யில் ஏற வேண்டும். ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கிவந்தவர்கள் ஆர்.டி.ஓ ஆபீஸ் வாசலில் முழித்த கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஹெரால்டு என்கிற மெக்கானோ செட்

அம்பாசடர்காரர்களுக்குக் கவலை குறைவு. 2014 மே மாதம்தான் உற்பத்தி நின்றது, டாக்ஸியாக லட்சக்கணக்கில் ஓடிய வண்டி, பாகம் எங்காவது கிடைத்துவிடும். பிரீமியர் பத்மினிக்காரர்களும் தேடினால் பிழைத்துக்கொள்வார்கள். உண்மையான தவிப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு.

இத்தனைக்கும் அது நம்ம சென்னை கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்து, 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. பிரிட்டனில் இரண்டு கதவோடு பிறந்த காருக்கு இங்கே நான்கு கதவு வைத்தார்கள். பிறகு 1972-ல் கெசல். 1977-ல் அதுவும் நின்றது.

ஹெரால்டுக்கு ஒரு விசித்திரமான பிறப்புக் கதை உண்டு. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய ஆள் இல்லை. அதனால் தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் தனித்தனித் துண்டுகளாக பாடி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவெடுத்தார்கள். முன்பக்கம் பானட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முதலை வாய் மாதிரி திறக்கும். கழற்றுவதற்கென்றே பிறந்த கார் என்றுகூடச் சொல்லலாம்.

அதுவே அதற்கு எமனாகவும் ஆனது. ஸ்பேனர் செட் இருந்தால் ஒரு ஹெரால்டை வீட்டு வாசலிலேயே பிரித்துவிடலாம். ஒருவருக்கு பானட், ஒருவருக்கு கதவு, ஒருவருக்கு ஸ்டீயரிங் பாக்ஸ். பழைய கார் பிரியர்களின் பாஷையில் இப்படிப் பிரிக்கப்படும் வண்டிக்குப் பெயர் ‘டோனர் கார்’. உடல் உறுப்பு தானம் மாதிரியே!

ஆனால், உயிருக்கே ஆதாரமான உறுப்பைத் தானம் கொடுப்பவர் ஏற்கெனவே இறந்தவராக இருக்க வேண்டும். இங்கேதான் பிரியர்களுக்குள் சண்டையே வருகிறது. சேஸிஸ் துருப்பிடித்து உதிர்ந்துபோன வண்டியைப் பிரிப்பதை யாரும் குறை சொல்வதில்லை. அதனால் இன்னும் இரண்டு மூன்று வண்டிகள் ரோட்டுக்கு வரும். கொஞ்சம் செலவு செய்தால் ஓடக்கூடிய காரை லாபத்துக்காக வாங்கிப் பிரிப்பதுதான் பிரச்னை. பிரித்தவருக்குப் பணம், வாங்கியவர்களுக்கு பாகம், கணக்கில் ஒரு ஹெரால்டு காலி. உற்பத்தி நின்றுபோன காரில் ஒன்று குறைந்தால் குறைந்ததுதான். அதேசமயம், பத்து வருடமாக தார்ப்பாய்க்கு அடியில் போட்டுவைத்து, ‘என்றைக்காவது ரெடி பண்ணுவேன்’ என்று சொல்லிக்கொண்டே, பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு ஹெட்லைட் வளையம்கூடத் தராதவர்களை என்ன சொல்வது? அந்தக் காரும் ஓடுவதில்லை, அதன் பாகம் கிடைக்காமல் இன்னொன்றும் ஓடுவதில்லை.

தனி கார் என்ன, ஒரு தொழிற்சாலையே இப்படிப் பிரிக்கப்பட்ட கதையும் உண்டு. கெசலுக்குப் பிறகு சில வருடங்கள் வேன் மட்டும் தயாரித்த ஸ்டாண்டர்டு, 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற சொகுசு காரோடு திரும்பி வந்தது. மேலே பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 பாடி, உள்ளே பழைய வேன்கார்டு காலத்து இன்ஜின். பெட்ரோல் குடித்தது, விலையும் அதிகம். 1988-ல் எல்லாம் முடிந்தது. உதிரிபாகங்கள் வண்டலூரிலேயே தூங்கின. 2006-வாக்கில் தொழிற்சாலையைக் காலி செய்தபோது, அந்தப் பாகங்களை மொத்தமாக வாங்கியது ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அங்கே ரோவர் எஸ்.டி.1 வைத்திருந்த பிரியர்கள் பாகம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். மெட்ராஸில் விலைபோகாத காரின் தகரம், கப்பலேறிப் போய் இங்கிலாந்து கார்களுக்கு உயிர் கொடுத்தது.

50 வயதானால் மரியாதை

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட டூவீலர், கார்களை ‘விண்டேஜ்’ ஆகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து ‘வி.ஏ’ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று வெளியே எடுக்கலாம். முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அதாவது, ஹெரால்டுக்குள் மாருதி இன்ஜினைச் சொருகி ஓட்டியவர்கள் எல்லாம் இப்போது அசல் இன்ஜின் தேடி அலைய வேண்டும். டோனர் கார்களின் மவுசு ஏறாமல் என்ன செய்யும்?

சிக்கல், 50-ஐ எட்டாத வண்டிகளுக்குத்தான். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆக ஏறியது. 1985 மாடல் ஸ்டாண்டர்டு 2000-ஐ யோசித்துப் பாருங்கள். இன்றைய கணக்கில் அது வெறும் கிழட்டு வண்டி. 2035 வரை தாக்குப்பிடித்தால் பாரம்பரியச் சின்னம்! நடுவில் இருக்கும் இந்த வருடங்களைத் தாண்டுவதற்குள் எத்தனை கார் துண்டாகுமோ. புதிய ஸ்கிராப் கொள்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும், புது வண்டிக்குச் சலுகையும் உண்டு. புகைக்கும் பாதுகாப்புக்கும் நல்லதுதான். ஆனால், ஒரு கெசலின் ஸ்பீடோமீட்டருக்கு ஒருவர் நாலு வருடமாக அலைகிறார் என்று தெரிந்து அதைத் தனியாக எடுத்துவைப்பது புதுப்பேட்டைக் கடைக்காரரின் கண். இரும்பை எடையாகப் பார்க்கிற இடத்தில் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை.

படகும் காரும் நிஜமாகவே சந்தித்துக்கொண்ட இடம் ஒன்றும் உண்டு. டீசல் அம்பாசடருக்குள் இருந்தது பிரிட்டிஷ் வடிவமைப்பான பி.எம்.சி 1.5 லிட்டர் இன்ஜின். இங்கிலாந்தின் கால்வாய்களில் குடித்தனம் நடத்தும் நீளப் படகுகள் பலவற்றில் ஓடியதும் அதே இன்ஜின்தான். நம்மூரில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைச் சுமந்த இன்ஜினின் உடன்பிறப்பு, அங்கே வீட்டையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பழவேற்காட்டில் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வெயில் தாழும். முகத்துவாரத்தில் மணல் மூடினால் கடலுக்குப் போகிற படகுகள் தவிக்கும், அதைப் பற்றிய பேச்சு இங்கே எப்போதும் ஓயாது. கரையில் இரண்டு பேர் பலகையில் ஒரு இன்ஜினை வைத்துத் தூக்கிப் போகிறார்கள். பழைய படகிலிருந்து இறங்கியது, ஸ்டாண்டு துருவேறியிருக்கிறது, ஹெட் மட்டும் புதுசு. அது புதுப் படகில் ஏறிவிடும். கழற்றப்பட்ட படகு, ஏற்கெனவே கவிழ்ந்து கிடக்கும் மற்ற கூடுகளோடு வரிசையில் சேர்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலை பொத்துகிறார். இந்த வரிசையில் இருக்கிற ஒன்றுக்கும் இதுவரை எடைக்காரர் வந்ததில்லை.