ஜூன் ஒண்ணுக்கு டாஸ்க் போடல

"ஜூன் ஒண்ணு தண்ணி திறந்தா நாத்தங்கால் வேலை இருக்குப்பா. அன்னைக்கு ஆபீஸ் வேலை வச்சுக்காத."
அப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு.

உடனே ஜோஹோ மெயிலைத் திறந்தேன்.
அந்த வாரம் முடிக்க வேண்டிய மெயிலையெல்லாம் டாஸ்க்கா மாத்தி, கெடு தேதிய மே கடைசிக்கு இழுத்துட்டேன்.
என்ன நிம்மதி!

1895-லேர்ந்து முல்லைப் பெரியாறு தண்ணி வருது. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் ஒண்ணுதான் கணக்கு. அணையில தண்ணி குறைஞ்சா தள்ளிப் போகும். அப்ப நானும் காலண்டர்ல தேதிய நகர்த்திக்குவேன். வீட்ல இருந்து வேலை பாக்குறதால இது முடியுது.

என்கூட படிச்சவங்க பாதிப் பேரு சென்னை, பெங்களூர்ல இருக்காங்க. வீட்ல ஒரு வேலைன்னா லீவு கேட்கணும், டிக்கெட் தேடணும்.

ஆனா நான் பாக்குற இந்த மெயிலை உருவாக்குன ஜோஹோ கம்பெனி 2011-லயே தென்காசி பக்கம் ஆபீஸ் திறந்துருச்சு. இப்ப அது மத்தளம்பாறையில இருக்கு.
நம்ம போடியில ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டர்லதான் நடக்குது. ரயிலும் வந்தாச்சு. படிச்ச பிள்ளைகளுக்கும் குறைவில்ல.

தேனி, கம்பம் பக்கம் அப்படி ஒரு ஆபீஸ் வர என்னதான் தடை?
விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.