சைக்கிள் செயின் கழன்ற இடம்

அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. உம்மாதான் பேசிக்கொண்டிருந்தார். “இனி கிளாசுக்கு அனுப்ப மாட்டன் மிஸ். படிச்ச மட்டும் போதும். மானத்தோட வீட்டுல இருந்தாச் சரி.” பாயின் ஓரத்தில் குந்தியிருந்த பதினைந்து வயதுக்காரி, விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பு எண்ணெயைப் பாவாடை மடிப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வீடு தேடி வந்திருந்த, பெண்களின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் பெண் உத்தியோகத்தரின் கண் அந்த விரலில் நின்றது.

“செயின் கழண்டதா புள்ள?”

“ஓம் மிஸ்.”

“எந்த இடத்தில?”

“மதகுக்கு இங்கால. அவன் பின் சில்லுக்குக் காலால அடிச்சான்.”

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. எத்தனை பேர், என்ன நிற மோட்டார் சைக்கிள், யார் பேசியது, யார் சிரித்தது. மூன்று வாரமாக நடந்திருக்கிறது. முதல் வாரம் விசில். இரண்டாவது வாரம் பெயர் சொல்லிக் கூப்பிடுதல். மூன்றாவது வாரம் வழிமறிப்பு.

மன்னார் மாவட்டத்தின் சிலாவத்துறையிலும் அதைச் சுற்றிய முசலிக் கிராமங்களிலும் பல ஆண்டுகள் களத்தில் அலைந்தவர் அவர். “என்ன நடந்தது, சொல்லு” என்று தொடங்கினால், தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று பிள்ளை ஒடுங்கிவிடும் என்பார். “ஏன் தனியப் போன? அவன முன்னமே தெரியுமா?” என்ற கேள்விகள் இன்னும் மோசம், பழி அந்த நிமிடமே கைமாறிவிடும். இடத்தைக் கேட்டால் பேச்சு வரும். அதனால் அவருடைய கொப்பியில் பெண்களின் பெயர் இருக்காது. “மதகு, 5.20, மூன்று மோட்டார் சைக்கிள், ஒன்றில் சிவப்பு டாங்கி” என்றுதான் இருக்கும்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் 15 முதல் 35 வயது வரையான 2,500 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தது. பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர்கள் அதில் 90 வீதம். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம். மிச்சப் பேர் என்ன செய்தார்கள் என்பதை ஊருக்குள் வீடு வீடாகப் போகிறவர்கள் அறிவார்கள். பஸ்ஸை மாற்றினார்கள், ரியூசனை நிறுத்தினார்கள், சிலர் படிப்பையே விட்டார்கள். தொந்தரவு செய்தவன் இருந்த இடத்திலேயே இருந்தான். இந்த வேலையில் உள்ளவர்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்: நகர வேண்டியது பிள்ளை இல்லை. அவள் போகும் நேரத்தையும் வழியையும் அப்படியே வைத்துக்கொண்டு, அந்த வழியைத்தான் திருத்த வேண்டும்.

வெளியார் கூட்டமும் அதன் குழப்பமும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. முன்பு முத்துக்குளிப்புக் காலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மணலில் சில வாரங்களுக்கு ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். அதற்கென்று பொலிஸும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் வரும். அன்று குழப்பம் செய்தவன் அந்நியன்; பருவம் முடிந்தால் போய்விடுவான். இன்று மதகில் இருப்பவன் மாமி மகனின் கூட்டாளி. நாளைக்கும் அங்கேதான் இருப்பான்.

அந்த வழி ஏன் ஆளற்றுப் போனது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் முஸ்லிம் கிராமங்கள் வெறிச்சோடின. இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்த தலைமுறை 2009க்குப் பிறகு திரும்பியபோது, வீடிருந்த வளவுகளில் காடு நின்றது. இன்னும் பல குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் புத்தளத்தில். பூட்டிய வீடுகள், பற்றை மூடிய வேலிகள். றோட்டைப் பார்த்தபடி ஒரு கிழவி இருந்து வெற்றிலை போட வேண்டிய இடத்தில் யாருமே இல்லை. மதகடி சேட்டைக்கு அந்த வெறுமை நன்றாக உதவுகிறது.

செயின் கழன்ற மறுநாள், உத்தியோகத்தர் மாதர் சங்கத்துப் பெண்கள் மூவரோடு அதே 5.20க்கு அந்த வழியில் நடந்தார். அலுவலக நேரத்தில் ஜீப்பில் போய்ப் பார்த்தால் அது நல்ல றோட்டு. மாலையில்தான் தெரிந்தது, மின்கம்பத்தில் குமிழ் இல்லை. பற்றை தோள் உயரம். மதகுக்கும் முதல் வீட்டுக்கும் இடையில் கூப்பிட்டால் கேட்காத தூரம். பிரதேச சபைக்குக் கடிதம் போனது. பற்றையைச் சங்கத்துப் பெண்களே ஒரு சனிக்கிழமை கத்தி கொண்டு வெட்டினார்கள். பின்னேரத்தில் வீட்டுக்குள் வடை சுட்டு விற்ற ஒரு பெண், அடுப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சம்மதித்தார். குமிழ் வர நாளெடுத்தது. வடை அடுப்பு மறுநாளே வந்துவிட்டது.

மதகில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஊரில் சிலர், எல்லோரையும் அடித்து விரட்ட வேண்டும் என்றார்கள். அவர் அதற்கு உடன்படவில்லை. வள்ளம் கரை சேர்ந்த பிறகு அந்தப் பையன்களுக்குப் போக வேறு இடமில்லை. மதகில் இருப்பது குற்றமுமில்லை. ஐவரில் வழிமறித்தவர்கள் இருவர். மற்ற மூவரையும் தனியே கூப்பிட்டார். “தம்பி, நீங்க அங்க இருக்கிறது பிழையில்ல. அவன் சில்லுக்கு அடிச்ச நேரம் நீங்க சிரிச்சதுதான் பிழை.” மூவரில் ஒருவன் தலையைக் குனிந்தான். அடுத்த வாரம் அவன் தங்கச்சியும் அதே வகுப்பில் சேரவிருந்தாள்.

வழிமறித்த இருவர் விடயம் பொலிஸுக்குப் போனது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட பிறகு, தொட்டால் மட்டுமல்ல, வார்த்தையாலும் செய்கையாலும் பாலியல் தொந்தரவு செய்தாலும் குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் சட்டம் வேலை செய்வதும் செய்யாததும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஏறும் சொல்லைப் பொறுத்தது. முன்பொருமுறை ஒரு நிலையத்தில் “பகிடி பண்ணினார்” என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளையிடம் சொல்லப்பட்ட சொல்லோ கூசச்செய்யும் சொல். பகிடி என்று எழுதினால் வழக்கும் பகிடியாகிவிடும். அன்றிலிருந்து அவர் விடுவதில்லை. அவன் சொன்னதை அப்படியே தமிழில் எழுதி, பிள்ளைக்கு வாசித்துக் காட்டி, அவள் “ஓம்” என்ற பிறகுதான் கையெழுத்து.

“திருப்பி அடிச்சா என்ன மிஸ்?” என்று பாடசாலைக் கூட்டங்களில் கட்டாயம் ஒருத்தி கேட்பாள். அவர் வாரியபொல கதையைச் சொல்வார். 2014 ஆகஸ்டில் அங்கே பஸ் நிலையத்தில், தன்னிடம் தகாத வார்த்தை பேசியதாக ஒருவரை ஒரு பெண் அறைந்தார். அறைந்தது வீடியோவாக நாடெங்கும் ஓடியது. அதற்கு முன் பேசிய வார்த்தை அந்த வீடியோவில் இல்லை. கைதானவர் அந்தப் பெண். பலரின் அனுதாபமோ அடி வாங்கியவர் பக்கம். கோபம் தப்பென்று பிள்ளைகளிடம் அவர் சொல்வதில்லை. சாட்சி இல்லாத கோபத்தை எப்படித் திருப்பிவிடுவார்கள் என்று சொல்கிறார்.

இந்தப் பகுதியில் இன்னொரு பயமும் இருக்கிறது. பையன் ஒரு சமயம், பிள்ளை வேறு சமயம் என்றால் இரவோடு இரவாக அது இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடும். அந்தப் பிள்ளையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எனவே பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பங்குத்தந்தைக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் ஒரே நாளில், ஒரே சொற்களில் செய்தி போக வேண்டும். வெள்ளிக்கு முன் ஒருவருக்கும் ஞாயிறுக்குப் பின் இன்னொருவருக்கும் சொன்னால் காரியம் கெட்டது. மன்னாரில் 1998இலேயே ஷிரீன் சரூர் தொடங்கிய பெண்கள் கூட்டமைப்பு, தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் போர்க் காலத்தில் ஒன்றாக உட்கார வைத்தது. அப்படி ஏற்கனவே ஒன்றாக இருந்து தேநீர் குடித்த பெண்கள் இரு ஊரிலும் இருந்தால், இந்த மாதிரி இரவுகளில் தொலைபேசி எடுக்க ஆள் இருக்கும்.

எல்லா முறைப்பாட்டையும் அவர் இப்படிக் கையாண்டதில்லை. வேலைக்கு வந்த புதிதில், ஒரு முறைப்பாட்டை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் “சமாதானமாக” முடித்தார். பையன் மன்னிப்புக் கேட்டான். பெரியவர்கள் தேநீர் குடித்தார்கள். அவன் எதிரிலேயே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை “சரி” என்றாள். கொப்பியில் “தீர்ந்தது” என்று எழுதினார். திங்கட்கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை, பிறகு வரவேயில்லை. அந்தப் பக்கத்தை அவர் இன்னும் கிழிக்கவில்லை.

இப்போது அந்தப் பெண் வீட்டில் தைக்கிறாள். கிழமைக்கு ஒருநாள் அவர் அங்கே போகிறார். போன மாதம் சாதாரண தரப் பரீட்சைக்கான தனிப்பட்ட பரீட்சார்த்தி விண்ணப்பத்துக்கான விபரத்தாளைக் கொண்டுபோனார். தையல் இயந்திரத்தின் மேலேயே வைத்து இருவரும் நிரப்பினார்கள். பரீட்சை எழுத எந்த ஊர் என்ற இடம் வந்ததும் அவள் பேனையை வைத்துவிட்டாள்.

“மன்னாருக்குப் போறதெண்டாலும் அந்த றோட்டாலதானே போகணும், மிஸ்?”

“எத்தின மணி பஸ் எண்டு பார்ப்பம்,” என்று அவர் கொப்பியை எடுத்தார்.