சேந்தமங்கலத்தில் ஒரு சாக்கு சங்காயம்

விசைப்படகு இழுத்துவரும் இறாலுக்கு, 'கடலைக் கெடுக்காமல் பிடித்தது' என்று சான்றிதழ் கொடுக்க முடியுமா? இதற்கு விடை தேடுகிறவர்கள் கொச்சிக்கோ நாகப்பட்டினத்துக்கோ போவார்கள். நான் நாமக்கல்லில் இறங்கி சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். கடற்கரையில் கருவாடு காயவைக்கும் ஒரு அக்கா முன்பு சொன்னதுதான் காரணம்: "றாலு கம்பெனிக்குப் போகும், நல்ல மீனு கேரளாவுக்குப் போகும், சங்காயம் நாமக்கல்லுக்குப் போகும்." இறாலோடு சேர்ந்து வலையின் மடியில் ஏறிவரும் பொடிமீன், நண்டு, கழிசல் எல்லாம் சேர்ந்ததுதான் சங்காயம். இறாலின் பின்னால் போக ஆள் நிறைய இருக்கிறார்கள். சங்காயத்தின் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் சுமார் 11 கிலோமீட்டர். ஊர் எல்லை தாண்டியதும் சோளக்காடு, மரவள்ளிக்காடு, நடுநடுவே கம்பிவலை போட்ட நீளமான கோழிக் கொட்டகைகள். கிழக்கே கொல்லிமலை கூடவே வருகிறது. பஸ் ஜன்னலில் முதலில் கோழி எச்ச வாடை அடித்தது. பிறகு ஒரு திருப்பத்தில் கருவாட்டு வாடை. சாலை வழியே கடல் இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று கண் தேடியது. தகரக் கூரை போட்ட ஒரு தீவன அரவை மில், வாசலில் தார்ப்பாய் மூடிய லாரி. இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

முதலில் கடைவீதி. மீன் கடையில் இரண்டு தெர்மோகோல் பெட்டிகள், ஒரு தராசு, அரிவாள்மணை. கட்லா கிலோ 200, சங்கரா 340, இறால் 420 ரூபாய். "கடல் எறாங்களாண்ணா?" என்று கேட்டேன். "ஆமாங்ணா, காலைல வந்ததுங்க" என்றார். குனிந்து பார்த்தேன். எல்லா இறாலும் ஒரே நீளம், ஒரே வெளிர் நிறம், ஓடு மெல்லியது. வலையில் வரும் இறால் இப்படி இருக்காது. வெள்ளை, கரிக்காடி என்று பல ஜாதியும் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். நான் நிமிராமல் பார்த்துக்கொண்டே இருந்ததும் அவரே சிரித்துவிட்டார். "வனாமி தானுங்க. பண்ணைச் சரக்கு. கடல் எறா இங்க எப்பவாச்சுந்தான் வரும்."

சான்றிதழ், முத்திரை என்று யாராவது கேட்கிறார்களா என்றேன். "ஐஸ் போட்டிருக்கா, வாடை அடிக்குதான்னு கேப்பாங்க. வேறென்னத்தைக் கேக்கறாங்க?" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த முத்திரையைக் கேட்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பெரிய கடைகள். அதில் பேர்போனது எம்.எஸ்.சி. என்ற நீலநிறச் சின்னம். 1997ல் யூனிலீவர் நிறுவனமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃபும் சேர்ந்து தொடங்கியது. பிடிக்கும் இனம் கடலில் போதுமான அளவு இருக்கிறதா, வலை மற்ற உயிர்களையும் கடல் தரையையும் என்ன செய்கிறது, கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றனவா என மூன்று பகுதியாகச் சோதிப்பார்கள். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட அளவுகோல்கள். எதிலாவது 60 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் தோல்வி. ஒவ்வொரு பகுதியின் சராசரியும் 80ஐத் தொட வேண்டும். இந்தியாவில் இதை முதலில் வாங்கியது இறால் இல்லை, கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி. ஆண்டு 2014. கேரளத்தில் இழுவலை இறாலுக்கும் கணவாய்க்கும் இதே சான்றுக்கான வேலை நடந்துவருகிறது. இடிக்கிற இடம் பெரும்பாலும் இரண்டாவது பகுதிதான். அந்த இரண்டாவது பகுதிதான் வழியில் வாடை அடித்தது.

மில்லுக்கு ஒரு டி.வி.எஸ். 50 காரர் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். உள்ளே ஒரு பக்கம் மக்காச்சோளக் குவியல், அடுத்து சோயாப் புண்ணாக்கு மூட்டை, தவிடு, கிளிஞ்சல், கடைசி மூலையில் ஆளுயரத்துக்குச் சங்காயச் சாக்குகள். அந்த மூலையில் கண் எரிந்தது. மேற்பார்வை பார்ப்பவர் அறுபதை நெருங்கியவர், பொறுமையாகப் பேசினார். "கோழிக்குப் புரதம் வேணுமுங்க. சோயாவுல பாதி, இதுல கொஞ்சம். சங்காயம் கிலோ நாப்பதுல இருந்து அம்பத்தஞ்சு வரைக்கும் போகுது, மணலைப் பொறுத்து." மணலா என்றதும் ஒரு பிடி அள்ளி வெள்ளைக் காகிதத்தில் தட்டிக் காட்டினார். கடற்கரை மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. தரையில் பரப்பிக் காயவைப்பதால் ஒட்டுவது பாதி, எடைக்காகச் சேர்ப்பது பாதி என்பது அவர் கணக்கு.

"இதெல்லாம் வேஸ்ட் மீனுங்க. மனுசன் திங்கமாட்டான். நாங்க வாங்கலீன்னா கடல்லயே கொட்டீருவாங்க" என்றார். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. உலக அளவில் மீன்பிடிப் படகுகள் திருப்பிக் கடலில் கொட்டுவதில் 27 சதவீதத்துக்கு மேல் வெப்பமண்டல இறால் இழுவலைகளின் பங்கு என்று ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2005ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் கரையில் கொட்டுவது குறைவு. காரணம், இங்கே அதை வாங்க ஆள் இருக்கிறது.

ஆனால் மனிதன் தின்னாத மீன் என்பதைப் பார்க்காமல் ஏற்க மனம் வரவில்லை. ஒரு சாக்கைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். வேலைக்கு வந்த அக்கா ஒருவர் முறத்தில் கிலோ அளவுக்குக் கொட்டிக் கொடுத்தார். உட்கார்ந்து பிரித்தேன். பெரிய குவியல் காரல். அடுத்து நண்டுக் கால்கள், உடைந்த ஓடுகள், பேத்தை, நாக்குமீன், தும்பிலி. இவற்றில் பேத்தையையும் ஓட்டையும் யாரும் தின்னமாட்டார்கள் என்பது உண்மை. பிறகு ரிப்பன் அகலத்தில் வாளைக் குஞ்சுகள், விரல் நீளத்தில் சங்கரா. ஸ்கேல் வைத்து அளந்தேன். சங்கராவில் பெரும்பாலானவை ஆறு, ஏழு சென்டிமீட்டர். காயும்போது சுருங்கியிருக்கும் என்று ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டாலும் எட்டைத் தாண்டவில்லை. கடைவீதியில் கிலோ 340 ரூபாய்க்கு ஐஸில் கிடந்ததும் இந்த மீன்தான். இது அதன் குஞ்சு.

கேரளத்தில் சங்கராவைக் கிளிமீன் என்பார்கள். அங்கே 58 இனங்களுக்கு, இவ்வளவுக்குக் குறைவான நீளத்தில் பிடிக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. கிளிமீனுக்கு ஜாதியைப் பொறுத்து 10, 12 சென்டிமீட்டர். அந்த ஸ்கேலால் அளந்தால் முறத்தில் கிடந்த ஒரு சங்கராகூடத் தேறாது. தமிழ்நாட்டில் இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. முறத்தில் பென்சில் கனத்துக்குக் கிடந்த வாளைக் குஞ்சுகள் அந்தக் கண்ணியில் எப்படித் தங்கின? மடி நிறைந்து கண்ணிகள் அடைபட்டால் பொடியும் தங்கும் என்பார்கள். அது எப்போதாவது ஒரு இழுப்பில் நடக்கலாம். இங்கே மூலை நிறையச் சாக்குகள் நிற்கின்றன.

சாக்கில் தெரியாத ஒன்று ஆமை. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சு முட்டியதே பெரிய காரணமாகப் பேசப்பட்டது. ஆமை வெளியேற வலையில் கம்பிச் சட்டம் பொருத்தவில்லை என்பதால்தான், 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற சட்டத்தை வடிவமைத்து வைத்திருக்கிறது. நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. சுரினாம் நாட்டின் இழுவலை இறால் 2011லேயே நீலச் சின்னம் வாங்கிவிட்டது. அங்கே வலையில் ஆமைக்கும் வழி வைத்தார்கள், பொடிமீனுக்கும் வழி வைத்தார்கள்.

நம் படகுக்காரர் பொடிமீனுக்கு ஏன் வழி வைக்க வேண்டும்? கிலோ நாற்பது ரூபாய்க்கு வாங்க ஒரு மில் காத்திருக்கும்போது அந்த வழியில் போவது மீன் மட்டுமில்லை, அவர் டீசல் காசும்தான். மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "சோயா விலை எறங்குனா நாங்க சங்காயத்தைக் கொறைச்சுக்குவோம். ஏறுனா இதைக் கூட்டுவோம். தடைக்காலத்துல ரெண்டு மாசம் சரக்கே வராது, அப்பவும் கோழி முட்டை போட்டுக்கிட்டுத்தானுங்க இருக்குது" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களை இந்த மில் சோயாவை வைத்தே ஓட்டிவிடுகிறது. சங்காயம் இல்லாமல் கோழி வளராது என்று நாமக்கல்லில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருடம் தவறாமல் இரண்டு மாதம் வளர்கிறது.

கிளம்பும் முன் சரக்கு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்டேன். "நாகப்பட்டினமுங்க" என்றார். மேசையில் அந்த லோடின் எடைமேடைச் சீட்டு கிடந்தது. அதில் ராமநாதபுரம் என்று அச்சாகியிருந்தது. பாக் நீரிணைச் சரக்கா, மன்னார் வளைகுடாச் சரக்கா என்று அதை வைத்தும் சொல்ல முடியாது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிரைவருக்குத்தான் தெரியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். சரக்குப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். தேதி, எடை, ஈரம், மணல், உப்பு, புரதம் என்று கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒழுங்காக நிரப்பியிருந்தது. மணல் அதிகமான ஒரு லோடைத் திருப்பி அனுப்பியதும் சிவப்பு மையில் இருந்தது. துறைமுகத்துக்குக் கட்டம் இல்லை, படகுக்கு இல்லை, மீனின் நீளத்துக்கு இல்லை.

மணலுக்காக ஒரு லாரியைத் திருப்பி அனுப்பத் தெரிந்த மில்லுக்கு, குஞ்சுக்காகத் திருப்பி அனுப்புவது பெரிய வித்தை இல்லை. முறமும் ஸ்கேலும் போதும். தமிழ்நாட்டு இழுவலை இறாலுக்குச் சான்றிதழ் தர நாளை யாராவது வந்தால், துறைமுகத்தில் படகின் காகிதங்களைப் பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்பக் கூடாது. நாமக்கல் வரை வந்து நாலு மில்லில் சாக்கைப் பிரிக்க வேண்டும். வலையின் கண்ணி எவ்வளவு என்று கரையில் வாயால் சொல்வார்கள். இங்கே அதை அளந்தே பார்க்கலாம். இப்படி யாராவது இதற்கு முன் கேட்டு வந்திருக்கிறார்களா என்று அவரிடம் விசாரித்தேன். "மணல் டெஸ்ட்டுக்கு வருவாங்க. மீனை அளக்க நீங்கதானுங்க மொதல்" என்றார்.