மெக்சிகோ நகரம் – 2: உண்பவர் கையில் காரம்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த மெக்சிகோ நகரத்திற்குப் புதிதாக வருபவருக்குப் படியேறும்போது மூச்சு வாங்கும் என்பது வழிகாட்டி நூல்கள் யாவும் எச்சரிப்பதே; பிற்பகல் இரண்டு மணிக்கு முன் அங்கே எவரும் மதிய உணவைக் கருதுவதில்லை என்பதையோ பசித்த வயிறே அறிவிக்க வேண்டியுள்ளது.

அவ்வேளையில் அலுவலக ஊழியரும் கொத்தனாரும் அருகருகே அமர்ந்து உண்ணும் சிறு உணவகம் ‘ஃபோந்தா’ எனப்படும். அங்கு ஒரே விலைக்கு முதலில் சூப்பும், அடுத்துச் சோறோ சேமியாவோ, பின்னர் இறைச்சியோ காய்கறியோ சேர்ந்த குழம்பு வகையும் முறையாக வர, இடையே புளிச்சக்கீரை இனச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தை ஊறவைத்த இனிப்பு நீர் குவளையில் நிரப்பப்படுகிறது. துணியில் சுற்றி வைக்கப்படும் ‘தோர்த்தியா’ என்னும் சோள ரொட்டி, சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோளத்தால் ஆனது. இம்முறையால் தோல் நன்கு நீங்குவதோடு, தானியத்தில் அடைபட்டுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்தும் உடலில் சேரும் நிலையை அடைகிறது. மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுசென்று இம்முறையை விட்டுவிட்ட ஐரோப்பியர் பலர் பெலாக்ரா நோய்க்கு ஆளாயினர்.

மிளகாயின் தாயகமாகிய இந்நாட்டில் பரிமாறப்படும் சூப்பில் காரமே இல்லாதிருப்பது தமிழ்ப் பயணியைத் திகைக்க வைக்கும். தமிழ்நாட்டில் காரத்தின் அளவை அடுப்படியே முடிவு செய்கிறது. இங்கோ பச்சையும் சிவப்புமாக இரு கிண்ணங்களில் ‘சல்சா’ என்னும் மிளகாய்த் துவையல் மேசைமேல் தனித்திருக்க, உண்பவரே அதை முடிவு செய்கிறார். போர்த்துகீசியர் வழியே இந்தியாவை அடைந்த மிளகாயைக் குறித்துப் பெருமை பேசும் நாவுக்கு அச்சிவப்புக் கிண்ணத்தின் முதல் கரண்டியே போதுமானது. உண்டு முடித்து எழுபவர், முன்பின் அறியாத பக்கத்து மேசையாரையும் நோக்கி ‘நன்கு செரிக்கட்டும்’ என்னும் பொருளில் வாழ்த்திவிட்டே செல்கிறார். இந்தப் பண்பு எந்நகரத்திற்கும் ஏற்றதே.

1969இல் தொடங்கிய சுரங்க ரயிலில், எழுத்தறியாதோரும் இறங்குமிடம் அறியும்படி ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு சின்னம் அமைக்கப்பட்டுள்ளது. சாபுல்தெபெக் நிலையத்தின் சின்னம் வெட்டுக்கிளி. நெரிசல் நேரத்தில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகளும் உண்டு.

ஏரி நடுவே இருந்த அஸ்தெக்குகளின் தெனோச்தித்லான் நகரை 1521இல் ஸ்பானியர் கைப்பற்றிய பின் அந்த ஏரி படிப்படியாக வடிக்கப்பட்டது. அதன் களிமண் படுகைமீது நிற்கும் இன்றைய நகரம், நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் ஆண்டுதோறும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. பழைய கட்டடங்கள் சாய்ந்திருப்பதும் நடைபாதைக் கற்கள் எழும்பியிருப்பதும் இதனால்தான் என்றாலும், காலிடறிய பயணிக்கு அந்த விளக்கம் ஆறுதல் ஆகாது. ஏரிமேல் எழுந்த நகரத்தில் குழாய்நீரைக் குடிக்க அஞ்சிக் குடும்பங்கள் பெரிய குடுவைகளில் நீர் வாங்குவது விந்தை. கழிப்பறைத் தாளை உள்ளே போடாது அருகிலுள்ள கூடையில் இடும் வழக்கமோ விந்தையாகவும் தோன்றவில்லை, அருவருப்பையே தருகிறது.

பழைய மெத்தை, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை வாங்குவதாக ஒரு சிறுமியின் பதிவுசெய்த குரல் வண்டிகளிலிருந்து நாள் முழுதும் தெருவில் ஒலிக்கிறது. முதல் நாள் இனிமையாகக் கேட்ட அக்குரல், சில நாள்களில் சன்னலை அடைக்கச் செய்துவிடுகிறது. பேசிய கட்டணத்திற்கு மேல் கேட்டுவிட்டுச் சில்லறை இல்லையென்று கைவிரிக்கும் வாடகைக் கார் ஓட்டுநரை மட்டும் மொழி தெரியாமலேயே புரிந்துகொள்ள முடிகிறது.