அலங்காநல்லூர் போறீங்களா? வைஃபை சிக்கலை மதுரையிலேயே முடிச்சிடுங்க!

தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அடுத்து அலங்காநல்லூர். மதுரைக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. 2024 ஜனவரி 24-ல் பக்கத்துக் கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கமும் திறக்கப்பட்டது. காளைக்கும் வீரருக்கும் இப்போது பதிவு ஆன்லைனில்தான். டோக்கன் இல்லாவிட்டால் வாடிவாசல் கனவுதான்!

டோக்கனை எடுக்க மதுரை ஜங்ஷனின் ரெயில்வயர் வைஃபையில் இணைகிறார் வெளியூர் வீரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 'கனெக்டட்' என்கிறது போன். ஆனால், எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஏன்?

வைஃபைக்கும் ஒரு வாடிவாசல் உண்டு. மொபைல் எண், ஓடிபி கேட்கும் லாகின் பக்கம்தான் அது. இன்றைய இணையதளங்கள் பெரும்பாலும் 'எச்டிடிபிஎஸ்' பூட்டு போட்டவை. அவற்றைத் திறக்கும்போது நடுவில் லாகின் பக்கத்தை நுழைக்க முடியாது. பிரவுசர் எச்சரிக்கும்; அதை மீறிப் போகாதீர்கள்.

விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் இரண்டையும் தற்காலிகமாக அணையுங்கள். 'சைன் இன்' நோட்டிஃபிகேஷனைத் தொடுங்கள். வரவில்லையா? பூட்டில்லாத 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' என்று டைப் செய்யுங்கள், லாகின் பக்கம் வந்து நிற்கும். அடிக்கடி ஓடிபி கேட்டால், போன் தன் 'மேக்' முகவரியை மாற்றியிருக்கலாம். அந்த வைஃபைக்கு மட்டும் 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள்.

டோக்கன் வந்ததும் ஒரு பிரின்ட் எடுத்துவிடுங்கள். ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் டவர் கிடைப்பது, காளையின் திமிலைப் பிடிப்பதுபோலத்தான்!