விருந்துக்கு ஓர் இடம் தேடினோம்

2023ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, முதலிபாளையத்துக் குடும்பமொன்று கோவில் வாசலில் நமக்காகக் காத்து நின்றது. தாய், தந்தை, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். மூத்தவனே பேச்சைத் தொடங்கினான்.

"ஏனுங்க சாமி, வர்ற தை மாசத்துல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசமாகுதுங்க. பூசை வெச்சுட்டு, மத்தியானம் எல்லாரையும் நல்ல ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போடலாமுன்னு இருக்கறமுங்க. எடத்தை நீங்களே சொல்லிப் போடுங்க."

குருமடத்தில் மெய்யியல் கற்றோம், இறையியல் கற்றோம்; ஓட்டலைத் தேர்ந்தெடுக்க நமக்கு எவரும் கற்றுத் தரவில்லை. எனினும் ஒப்புக்கொண்டோம். அந்தத் தேடலில் நாம் அறிந்தவற்றை, அக்குடும்பத்தாரின் இசைவு பெற்று, பெயர்களை விடுத்து இங்கே எழுதுகின்றோம். இத்தகைய கேள்வி இன்று நம் மறைமாவட்டத்துப் பல இல்லங்களில் எழுகின்றதன்றோ!

வீட்டு விருந்தை ஓட்டலுக்குக் கொண்டு போவதா என்று முதியோர் சிலர் முகம் சுளிப்பர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் முதலிபாளையத்தின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வூரில் சிட்கோ தொழிற்பேட்டை எழுந்தது. பின்னலாடை வடிவமைப்பைக் கற்பிக்கும் கல்லூரியும் வந்தது. இன்று கணவனும் மனைவியும் மக்களும் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம். ஞாயிறு ஒன்றே ஓய்வு. நாம் குறிப்பிடும் தாயோ வாரத்தில் ஆறு நாளும் செக்கிங் மேசையின் முன் நின்று, துணியில் ஓட்டை தேடும் வேலை செய்பவர். இருபத்தைந்து ஆண்டுகளாக அதிகாலை நான்கு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தவர். அவருடைய வெள்ளி விழாவன்றும் அவரே அறுபது பேருக்கு உலை வைக்க வேண்டுமென்று சொல்வது எந்த நீதி? "அன்னைக்கு ஒரு நாளாச்சும் அம்மா உக்காந்து சாப்பிடோணுமுங்க" என்று மகள் சொன்ன சொல்லில் நம் மறுப்பு கரைந்து போயிற்று.

இடங்களைப் பற்றிய ஆலோசனை அவர்கள் இல்லத்தில் நடைபெற்றது. இளையவன் பிரியாணிக் கடை வேண்டுமென்றான். திண்டுக்கல்லில் 1957இல் தொடங்கிய தலப்பாக்கட்டியும், ஈரோட்டில் 1960இல் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணாவும் இன்று பல ஊர்களில் கிளை பரப்பியிருப்பதை அவன் மனப்பாடமாகச் சொன்னான். மகள், பெருந்துறைக்கு அருகே சீனாபுரத்தில் பெயர்பெற்ற 'யு.பி.எம். நம்ம வீட்டுச் சாப்பாடு' என்னும் இடத்தைச் சொன்னாள். கிராமத்தில் வீடு போன்ற இடத்தில், முன்னரே சொல்லி வைத்துச் செல்வோரைப் பெரிய வாழையிலையின் முன் அமர்த்தி, கோழியும் ஆடும் மீனுமாகப் பல வகைக் கறிகளைப் பரிமாறுவதால் புகழ் பெற்ற உணவகம் அது. தொலைவிலிருந்தும் மக்கள் அதை நாடிச் சென்றதை நாமும் கேள்விப்பட்டிருக்கின்றோம். மூத்தவனுக்கோ திருப்பூர் நகரத்துக் குளிர்சாதன ஓட்டலின் மீதும், நெடுஞ்சாலையோரத் தோட்ட உணவகம் ஒன்றின் மீதும் கண்.

நகரத்து ஓட்டலில் இலை ஒன்றுக்கு 650 ரூபாய் சொன்னார்கள். அறுபது பேருக்கு 39,000; அதன்மேல் நூற்றுக்கு 5 வீதம் சரக்கு சேவை வரி; ஆக 40,950 ரூபாய். கட்டிங் மாஸ்டரான மூத்தவனின் ஏழு வாரச் சம்பளம் அது. "கைமாத்து வாங்கிக்கலாமுங்க" என்றான். அச்சொல் நம்மைத் துணுக்குறச் செய்தது. ஏனென்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு தொழிலாளி தன் மகனின் புதுநன்மைக்குப் பெரியதொரு விருந்து வைத்தார். தலைமை இருக்கையில் அமர்ந்து உண்டோம். அடுத்த ஞாயிறு மறையுரையிலே அந்த விருந்தைப் புகழ்ந்தும் பேசினோம். ஆறு மாதங்கள் சென்றபின் ஓர் இரவு அவர் நம் அறைக்கதவைத் தட்டினார். விருந்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே ஓய்ந்திருந்தார். மனைவியின் தோடு அடகில் இருந்தது. பத்தாம் வகுப்பில் நன்கு படித்துக் கொண்டிருந்த மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டிருந்தார். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் கடன்பட்டவன் சட்டத்தை நாடுமுன் வீட்டு வாசலுக்கு ஆள் வந்து விடுகின்றான். நாம் உண்ட இலைக்கு அந்தப் பெண் விலை கொடுத்தாள். நாம் புகழ்ந்ததைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் கடன் வாங்கினரோ, ஆண்டவருக்கே வெளிச்சம். இதை நினைக்கும்போதெல்லாம் நம் தலை தாழ்கின்றது.

ஆகவே, கடன் கூடாதென்று உறுதியாகச் சொன்னோம். மூத்தவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படின்னா தோட்ட ஓட்டலைப் பாத்துட்டு வரலாம் வாங்க சாமி, அங்க பாதி செலவுதானுங்க" என்றான். அவனுடைய வண்டியிலேயே சென்றோம்.

இடம் அழகாகத்தான் இருந்தது. தென்னை மரங்கள், கீற்றுக் குடில்கள், வாத்துகள் நீந்தும் சிறு குளம், குழந்தைகளுக்கு ஊஞ்சல். சமையற்கட்டைப் பார்க்கக் கேட்டோம், மறுக்காமல் காட்டினார்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான உரிமச் சான்றும் சுவரில் தொங்கிற்று. எல்லாம் சரியென்று திரும்பும் வேளையில், தோட்டத்தின் கோடியில் கறுப்புக் கண்ணாடி பதித்த அறையொன்று கண்ணில் பட்டது. அது மது அருந்தும் கூடம். ஊழியர் பணிவோடு, "வேணும்னா குடிலுக்கே கொண்டாந்து குடுத்துருவோமுங்க" என்றார்.

நாம் மூத்தவனைப் பார்த்தோம். அவன் முகம் வெளுத்துவிட்டது.

அவனுடைய தந்தை முன்னர் சாயப்பட்டறைத் தொழிலாளி. நொய்யல் ஆற்றைக் கெடுத்த கழிவுநீரின் பொருட்டு, 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆற்றுக்கும் உழவருக்கும் அது வேண்டிய தீர்ப்பே. ஆனால் வேலையிழந்தோர் பலருள் இவரும் ஒருவர். வேலையற்ற நாட்களில் மதுக்கடையே அவருக்குப் பகற்பொழுதாயிற்று. இரண்டு ஆண்டுகள் அக்குடும்பம் பட்ட பாட்டை நாம் விவரிக்கப் போவதில்லை. 2013ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் குடியை விட்டார். அன்று முதல் தொடவில்லை. அவருடைய வெள்ளி விழாவுக்கு, கூப்பிட்ட குரலுக்கு மது வந்து நிற்கும் இடத்தையா தேர்ந்தெடுப்பது?

"அப்பா ஒண்ணும் சொல்லலீங்களே சாமி" என்றான் மகன். தாயிடம் கேட்டபோது அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசங்க ஆசைப்பட்டு வெக்கறாங்கன்னு அவரு வாயத் தொறக்க மாட்டாருங்க சாமி. ராத்திரி தூங்காம உக்காந்திருந்தாருங்க" என்றார்.

கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே என்று வாதாடுவோர் உண்டு. உண்மையே. ஆனால் அங்கே நிகழ்ந்ததென்ன? விருந்து வைத்த வீட்டாருக்கு நேரவிருந்த தலைகுனிவை அன்னை மரியாள் கண்டார். மகன் அதை மூடினார். ஒரு வீட்டின் தலைகுனிவை மூடுவதற்காகச் செய்யப்பட்ட அருங்குறியைக் காட்டி, இன்னொரு வீட்டின் ஆறிய புண்ணைக் கிளறலாகாது.

தோட்ட உணவகம் தள்ளுபடியாயிற்று. சீனாபுரமும் நிற்கவில்லை, மூட்டுவலியால் பத்தடி நடக்கவும் இயலாத ஆத்தாவை வேனில் அவ்வளவு தூரம் ஏற்றிச் செல்வது எப்படி? "என்னை உட்டுட்டுப் போங்க" என்று அவர் சொல்லிவிட்டார். பெற்ற தாயை வீட்டில் விட்டுவிட்டு மகன் விருந்துண்பதோ?

அப்போதுதான், அதுவரை வாய் திறவாதிருந்த தந்தை பேசினார். "சாமி, எங்க சாப்பிட்டாலும் எங்கண்ணன் வராம எனக்குச் சோறு எறங்காதுங்க."

தமையனுக்கும் அவருக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை. பாட்டன் தோட்டத்தில் வண்டித்தடம் பற்றிய தகராறு, வழக்கும் நடக்கின்றது. ஓட்டல் விருந்தென்ற செய்தி அவர் காதுக்கு எட்டியபோது, "பணத்தைக் காட்டறானா?" என்று கேட்டாராம். அவ்வளவு நாளும் நாம் இடத்தைத் தேடினோமேயன்றி ஆளைத் தேடவில்லை என்பது அன்று உறைத்தது.

இலத்தீன் மொழியில் விருந்தைக் குறிக்கும் 'கொன்விவியும்' என்னும் சொல்லுக்குச் சேர்ந்து வாழ்தல் என்பது நேர்ப்பொருள். நம் தமிழிலோ விருந்து என்றால் புதுமை. புதிதாக வந்தவரே விருந்தினர். ஆகவேதான் வள்ளுவர் இல்லறத்தைப் பேசுகையில் விருந்தோம்பலுக்கென ஒன்பதாம் அதிகாரத்தை வைத்தார். பிரிந்தவரோடு சேர்தலும், புதியவரை ஏற்றலும் இல்லாவிடில், எத்தனை வகைக் கறி வைத்தாலும் அது வெறும் சாப்பாடே. கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஒருவர் பசித்திருக்க ஒருவர் வெறித்திருக்க உண்டதைத் திருத்தூதர் பவுல் கண்டித்ததும் இதனாலேயே.

நாம் தந்தையிடம் சொன்னோம்: "அண்ணனை விருந்துக்கு அழைக்க வேண்டாம். அவரிடம் விருந்துக்கு இடம் கேளும்."

நான்கு நாட்கள் தயங்கினார். ஐந்தாம் நாள் மாலை தோட்டத்துச் சாளைக்குச் சென்று, வாசலில் நின்றபடியே, "அண்ணா, களத்துல எலை போட உத்தரவு குடுங்க" என்று கேட்டிருக்கின்றார். தமையன் ஆம் என்னவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கிறிஸ்து பிறப்பு விழா வந்தது, போயிற்று. புத்தாண்டுக்குப் பின் ஒரு நாள் தமையன் மனைவி ஆள் அனுப்பினார்: களத்தைச் சாணமிட்டு மெழுகியாயிற்றாம்.

தை மாத ஞாயிறொன்றில் திருப்பலியில் தம்பதியர் தம் வாக்குறுதியைப் புதுப்பித்தனர். நண்பகல் வேப்பமரத்து நிழலில், பந்தலின் கீழ், இலை விரிந்தது. கூலிக்கு அமர்த்திய சமையற்காரர் இருவர் சமைத்தனர். அரிசியும் பருப்பும் சாதம், நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிப்பாளையம் கோழி வறுவல், கொள்ளு இரசம், கட்டித் தயிர், இனிப்புக்கு ஒப்புட்டு. ஆத்தா தாம் மருமகளாக வந்து புகுந்த அந்த வாசலிலேயே கட்டில் மீது அமர்ந்து உண்டார். மூத்தவன் ஒரு ரூபாயும் கடன்படவில்லை.

அவர்களுடைய லைன் வீட்டு வரிசையில் குடியிருக்கும் ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர் ஐவரையும் மகள் அழைத்திருந்தாள். நம் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைகள். மொழி தெரியாமையால் எவரோடும் பேசாதவர்கள். திருப்பிக் கொடுக்க இயலாதோரையே விருந்துக்கு அழைக்குமாறு ஆண்டவர் கற்பித்ததை, லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தைப் பலமுறை விளக்கிய நாம் நினைவூட்டவில்லை. பனியன் கம்பெனியில் பேட்லாக் தைக்கும் அப்பெண் தானாகவே செய்தாள்.

தமையன் பந்தியில் அமரவில்லை. மரத்தடியில் தள்ளியே நின்றார். இரண்டாம் பந்தியில் தம்பி அமர்ந்தபோது மட்டும், தயிர்ச்சட்டியை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் தம்பி இலையில் ஊற்றினார். தம்பி தலை நிமிரவில்லை. தயிர் சோற்றைத் தாண்டி இலை விளிம்புக்கு ஓடும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஆத்தாவைப் பார்க்கத் தமையன் இப்போது வந்து போகின்றார்.

அன்பு வாசகர்களே! வீட்டு விழாவுக்கு உணவகம் தேடுவது குற்றமன்று. சீனாபுரம் செல்லலாம், நகரத்துக்கும் செல்லலாம். செல்லுமுன், வீட்டின் மூத்தவருக்குப் படியேற முடியுமா, கழிவறை அருகில் உண்டா என்று பாருங்கள். சமையற்கட்டையும் உரிமத்தையும் கேட்டுப் பாருங்கள். விலையை வரியோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கலாகாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுநெறி வெளியிட்டுள்ளதை மறவாதீர்கள். கையில் உள்ள பணத்துக்குள் முடியுங்கள். குடியை விட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லாவிட்டாலும் அவருக்காக நீங்கள் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, யார் வராவிடில் வீட்டுத் தலைவருக்குச் சோறு இறங்காது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இடம் அதன்பின் தானே கிடைக்கும். உங்கள் இல்லத்து இலைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!