இரண்டு நிமிடம் நிறுத்தினால் என்ன?

நீங்கள் காடி ஓட்டுகிறவராக இருந்தால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தாமலே எண்ணெய் ஊற்றியதுண்டா? "ஏதோ அவசரத்திற்கு ஒருமுறை..." என்று இழுக்கிறீர்களா? நானும் உங்கள் கூட்டம்தான். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நடுப்பகல். பேரனுக்குக் கடுங்காய்ச்சல். மகள் அவனை மடியில் கிடத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். தைப்பிங் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எண்ணெய் முள் அடியைத் தொட்டுவிட்டது. என்னுடையது பழைய மேனுவல் காடி. பேட்டரியும் என்னைப் போலவே தளர்ந்துவிட்டது. நிறுத்தினால் மறுபடி உயிர் வருமோ, வராதோ! எஞ்சினை ஓடவிட்டே இறங்கிப் பணம் கட்டப் போனேன்.

கல்லாவில் ஒரு தமிழ்ப் பெண். இருபது வயதிருக்கும். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எஞ்சின் ஓடுதே. நிறுத்திட்டு வாங்க, பம்பைத் திறந்து விடுறேன்."

"பேரனுக்குக் காய்ச்சல்மா. நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது."

"ஆகலேன்னா நானே வந்து தள்ளுறேன்மா. நிறுத்துங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றால் தெரியும்!" என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை, பம்பையும் திறக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய் நிறுத்தினேன். எண்ணெய் ஊற்றி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் பயந்தபடியே காடி கிளம்பவில்லை. அந்தப் பெண் சொன்ன சொல் தவறாமல் ஓடி வந்தாள். இன்னொருவரையும் கூப்பிட்டு, வெளியே போகும் வழிவரை தள்ளிவிட்டாள். எஞ்சின் உறுமியது. கண்ணாடியில் பார்த்தேன், கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது. அவர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். 1968-இல், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, லோரி கொட்டகையில் கெலிண்டான் ஒருவர் பெட்ரோலில் கைக் கறையைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி, தேநீருக்காக அடுப்பு எரிந்தது. நெருப்பு தரையோடு தரையாக, பாம்பு மாதிரி ஓடி வந்து அவர் காலைப் பிடித்ததை என் கண்ணால் கண்டேன். "எரியிறது பெட்ரோல் இல்லடா, அதோட ஆவி" என்று அப்பா அன்றிரவு சொன்னார். அதைக் கண்ணால் கண்ட நானே மறந்துவிட்டேனே!

அப்பா சொன்னது முற்றிலும் உண்மை. பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையில் தவழும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். டீசல் அப்படியல்ல, 50 பாகைக்கு மேல் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும்.

"எத்தனையோ முறை ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பீர்கள். மெய்தான். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் என்றோ ஒருநாள் எண்ணெய் வழிந்து, அதே நேரத்தில் பழைய ஒயரில் ஒரு பொறி கிளம்பினால்? நிறுத்தியவுடன் புகைக்குழாயின் சூடு ஆறிவிடாதுதான். ஆனாலும் எஞ்சினின் மின்பொறி நின்றுவிடும். குழாய் மாட்டியிருக்கும்போது காடியும் தானாகக் கிளம்பாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊற்றும்போது மறுபடி காடிக்குள் போய் உட்காராதீர்கள். இருக்கையில் உரசி எழும்போது உடம்பில் மின்சாரம் ஏறும். குழாயைத் தொட்டதும் அது பொறியாகலாம். இறங்கியவுடன், மூடியைத் திறக்கும் முன்பே, காடியின் இரும்பைத் தொட்டுவிடுங்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் குழாயைப் பிடுங்காதீர்கள். காடியிலிருப்பவர்களை இறக்கிக்கொண்டு விலகி ஓடி, கல்லாவில் சொல்லுங்கள்.

பேரன் தேறிவிட்டான். அடுத்த வாரமே புது பேட்டரி போட்டேன். அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லம்மா, தம்பி எப்படி இருக்கான்?" என்றாள்.

வாசகர்களே, அன்று அந்த இரண்டு நிமிடத்தில் பேரனுக்குக் கொஞ்சம் வியர்த்தது. மகள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான்.